திரும்பும் டிக்கெட்

இந்தக் கோடையில் இத்தாலி போகலாமென்று இருக்கிறேன் என்றதும் நண்பர்கள் வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் என்று அடுக்க ஆரம்பித்தார்கள். நான் போக நினைப்பது கலாப்ரியா. நம் வட்டத்தில் இந்தப் பெயருக்கு ஒரு கவிஞர் வந்து நிற்பார். இது பிரதேசத்தின் பெயர். பூட்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலியின் முன்பாதம். அதிலும் மேற்குக் கரை இல்லை. கிழக்கே அயோனியக் கடலைப் பார்த்த கரை. வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காதது.

காரணம் செஸாரே பவேஸே. 1935இல் அவரை முஸோலினியின் அரசாங்கம் தூரினில் கைது செய்தது. வேறொருவருக்கு வந்த அரசியல் கடிதங்கள் அவரிடம் இருந்தன. மூன்று வருஷம் ‘கன்ஃபினோ’. இது சிறை அல்ல. தூரத்து ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய் இரு, எல்லையைத் தாண்டாதே, இருட்டினால் வீட்டுக்குள் போய்விடு என்பதுதான் தண்டனை. கையில் விலங்குடன் ரயிலில் கொண்டுவந்து பிராங்கலியோனே என்ற கடற்கரை ஊரில் ஆகஸ்டில் இறக்கினார்கள். அதே வருஷம் கார்லோ லேவியைப் பக்கத்து லுக்கானியாவில், உள்நாட்டு மலைக் கிராமம் ஒன்றில் வைத்தார்கள்.

அரசாங்கம் எப்படி ஊர்களைத் தேர்ந்தெடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒதுக்குப்புறமாக இருக்கவேண்டும். போய்ச்சேர நாளாகவேண்டும். படித்தவன் பேச ஆள் கிடைக்கக்கூடாது. காலம் நகராததுபோல் இருக்கவேண்டும். இன்று பிரயாணப் புத்தகங்களில் ‘கூட்டமில்லாத கரை’ என்ற தலைப்பின் கீழ் வருகிற சிறப்புகளும் இவையேதான். தண்டனைக்கான தகுதி அப்படியே விடுமுறைக்கான தகுதியாக மாறிவிட்டது. ஊர் அதிகம் மாறியிருக்க வேண்டியதில்லை. வருகிறவன் கையிலுள்ள காகிதம் மாறினால் போதும்.

பவேஸே மலைநாட்டு மனிதர். 1932இலேயே ‘மோபி டிக்’கை இத்தாலியில் மொழிபெயர்த்தவர், ஆனால் கடல் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்த அனுபவத்திலிருந்து பின்னால் எழுதிய ‘சிறை’ நாவலில் கடல் திறந்த வெளியே அல்ல. அறையின் இன்னொரு சுவர். அவருடைய நாட்குறிப்பு ஆரம்பமாவதும் இங்கேதான், 1935 அக்டோபரில். ஏழெட்டு மாதத்தில், 1936 மார்ச்சில், மன்னிப்புக் கிடைத்துத் திரும்பினார். 1950 ஆகஸ்டில் தூரினில் ஒரு ஹோட்டல் அறையில் தற்கொலை செய்துகொண்டார். இரண்டுக்கும் முடிச்சுப்போட நான் தயாரில்லை. நம் விமரிசகர்கள் அதைச் சுலபமாகச் செய்துவிடுவார்கள்.

திட்டம் இதுதான். ஜூன் மாதம், ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்களே கரையை நிரப்பிவிடுவார்கள். ரெஜ்ஜோ நகரத்திலிருந்து ரயில். தாரந்தோ வரை 470 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை 1875இல் முடிந்தது. பல ஊர்களில் ஊருக்கும் மணலுக்கும் நடுவேதான் ஓடுகிறது. பிராங்கலியோனே சுமார் 60 கிலோமீட்டரில் வந்துவிடும். வழியில் பெர்கமாட் எலுமிச்சைத் தோட்டங்கள். இந்தக் கரைக்கு மல்லிகைக் கரை என்று பெயர் உண்டு. வாசனைத் தைலத்துக்காகப் பயிரிட்டது, நாம் பிச்சி என்கிற அதே செடி. விடியுமுன் இருட்டில் பெண்கள் பறித்தார்கள். இப்போது அந்தத் தொழில் இல்லை; பெயர் மட்டும் இருக்கிறது. மேலே போவா பக்கத்து மலைக் கிராமங்களில் வயதானவர்கள் சிலர் இன்னும் ஒரு கிரேக்கம் பேசுகிறார்கள். அது பழைய கிரேக்கக் குடியேற்றத்தின் மிச்சமா, பைஸாந்தியக் காலத்ததா என்று பண்டிதர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். 1951 வெள்ளத்தில் ஆஃப்ரிக்கோ கிராமம் அழிந்தபோது மலைவாசிகளைக் கொண்டுவந்து கடற்கரையில் குடியேற்றினார்கள். அவர்களுக்கும் கடல் யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்ததுதான்.

இதுவரை எல்லாம் சந்தோஷமான வேலை. பிறகு விஸா. வங்கிக் கணக்கு, வேலை பார்க்குமிடத்துக் கடிதம், அறைக்கு முன்பதிவு, திரும்பும் டிக்கெட். 30,000 யூரோவுக்குக் குறையாத இன்சூரன்ஸ்; செத்துப்போனால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடக்கம். அத்தனை காகிதமும் கேட்பது ஒரே கேள்வி: திரும்பிப் போவாயா? உயிரோடோ பிணமாகவோ திரும்புவேன் என்று நிரூபித்தால் கடல் எனக்குக் காட்சி.

இதே கரையில் வடக்கே குத்ரோ. 2023 பிப்ரவரி 26 விடியுமுன் துருக்கியிலிருந்து வந்த படகு ஒன்று கரைக்கு வெகு அருகில் உடைந்தது. குறைந்தது 94 பேர் செத்தார்கள். ஆப்கானிஸ்தானத்தவர் அதிகம், குழந்தைகள் பலர். குரோத்தோனே நகரத்தில் விளையாட்டு அரங்கொன்றில் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். பெயர் தெரியாதவர்களுக்கு எண். இரண்டு ஊருக்கும் நடுவே ரியாச்சே. அந்தக் கடலிலிருந்து 1972இல் இரண்டு கிரேக்க வெண்கல வீரர்களை எடுத்தார்கள். இப்போது ரெஜ்ஜோ மியூசியத்தில் இருக்கிறார்கள். 1998இல் அதே ஊர்க் கரைக்குக் குர்திஷ் அகதிகள் ஒரு படகில் வந்தார்கள். பாதிக்குமேல் காலியாகக் கிடந்த ஊர் அவர்களைத் தங்க வைத்துக்கொண்டது. கடல் கொண்டுவந்ததை எப்படி வாங்கிக்கொள்வது என்பதற்கு அதிகாரிகளைவிட அந்த ஊருக்கு நல்ல பதில் தெரிந்திருந்தது.

“இவ்வளவும் தெரிந்துகொண்டு அங்கே போய்க் குளிப்பீர்களா?” என்றார் ஒரு நண்பர். குளிப்பேன். சாவு நடக்காத கடல் எங்கே இருக்கிறது? துக்கம் விசாரிக்கப் போகிறவன்போல நடிப்பது இன்னும் மோசம். செய்யக்கூடியது ஒன்று உண்டு. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைக் கிழித்துவிட்டேன். எட்டு நாளும் பிராங்கலியோனே ஒன்றில்தான். எல்லையைத் தாண்டாமல், வேலையில்லாமல், பாஷை தெரியாமல். இது அவருடைய தண்டனை ஆகாது. எட்டாம் நாள் ரயில் எனக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் பயணிக்கும் மற்றவர்களுக்கும் உள்ள மொத்த வித்தியாசம் என்று அங்கே உட்கார்ந்து ஒரு தடவையாவது முழுசாக உணரமுடியுமா என்று பார்க்கவேண்டும்.

விண்ணப்பத்தில் பிரயாணத்தின் நோக்கத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சுற்றுலா என்றுதான் குறித்திருக்கிறேன்.