குன்றக் கூறல்

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்துபோன பட்டியல். போன மாதம் ஒரு சிறுகதையைத் திருத்திக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ நாக்கில் வந்து நின்றது. கதைக்காரர்களை நினைத்துச் சொன்னதல்ல. ஆனாலும் என் கைப்பிரதியைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் செத்துப்போன மாமா பதினோராம் பக்கத்தில் காபி கேட்கிறாரா? மாறுகொளக் கூறல். ஒரே கதையில் ஏழு பெருமூச்சா? கூறியது கூறல். சென்று தேய்ந்து இறுதலை என் பழைய கதைகளில் பாதிக்குத் தலைப்பாகவே வைக்கலாம்.

என்னை உறுத்தியது வரிசை. முதல் குற்றம் குன்றக் கூறல். மிகைபடக் கூறல் அதற்குப் பிறகுதான். இன்றைய சிறுகதைப் பட்டறைகளில் கற்றுத்தருவதோ ஒரே தொழில்: வெட்டு. அடைமொழியை வெட்டு, முதல் பக்கத்தை வெட்டு, கடைசிப் பத்தியைக் கட்டாயம் வெட்டு. முனிவர் யாப்புக்காக அப்படி அடுக்கியிருக்கலாம். இருந்தாலும் எனக்குச் சாதகமாக இருப்பதால் அந்த வரிசையை விடுவதாக இல்லை.

ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பை அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார். அதில் ஒரு கதை, பிறந்தநாளன்று காரில் அடிபட்ட சிறுவனைப் பற்றியது. வெட்டிய வடிவம் ஒரு தொலைபேசி அழைப்போடு நின்றுவிடுகிறது. 1983இல் கார்வர் அதை நீளமாகவே திரும்ப வெளியிட்டார். அதில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை உட்காரவைத்து, பேக்கரிக்காரர் சூடான ரொட்டி கொடுக்கிறார். விமர்சகர்கள் எந்த வடிவம் உசத்தி என்று சண்டை போடட்டும். எனக்கு ரொட்டி வேண்டும்.

நானும் வெட்டியவன்தான். அப்பா இறந்த வீட்டைப் பற்றி ஒரு கதை எழுதினேன். மரணம் என்ற சொல்லே வரக்கூடாது என்று பிடிவாதம். ஏழாம் திருத்தத்தில் எல்லாம் போய், ஒரு பையன் திண்ணையில் உட்கார்ந்து அழுவது மட்டும் மிஞ்சியது. பெருமையாக அத்தையிடம் கொடுத்தேன். அத்தை வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்துப் படித்தவள். முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “அந்தப் பய எதுக்குல அழுதான்?”

நுட்பம் புரியவில்லை என்று இரண்டு நாள் அவள் மேல் கோபம். மூன்றாம் நாள் பழைய நோட்டை எடுத்தேன். அடித்த வாக்கியங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது ஒன்றுதான் என்னிடம் உள்ள உருப்படியான பழக்கம். ஐந்தாம் திருத்தத்தில் அடித்தது அதில் கிடந்தது: அப்பாவின் கண்ணாடிக் கூட்டில் இப்போது அம்மா ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தாள். அலங்காரமாக இருக்கிறது என்று அடித்திருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சேர்த்து அத்தையிடம் கொடுத்தேன்.

இந்தத் தடவை அவள் பையனைப் பற்றிக் கேட்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“அந்த மனுசன் கூட்டுலயா ஊசியப் போட்டா? வேற டப்பாவே கிடைக்கலியாமா அவளுக்கு?”