சப்ளையர் வேலையில் படித்த படிப்பு

"நீங்க ஓட்டல்ல சப்ளையராவா இருந்தீங்க?" என்று இன்றைக்கும் சிலர் நம்பாமல் கேட்கிறார்கள். ஆமாம். இன்று ஒரு ஓட்டலுக்கு மேனேஜராக இருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் சப்ளையராக இருந்தபோது படித்த படிப்புதான்.

மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்காருபவர் பஸ் பிடிக்கப் போகிறவர். அவரிடம் நெய் ரோஸ்ட் பேச்சையே எடுக்கக் கூடாது. "இட்லி, பொங்கல் சூடா இருக்கு சார், உடனே தரேன்." கைக்குழந்தையோடு வந்தால் குழந்தைக்கான தட்டுதான் முதலில் போக வேண்டும். தோசைக்கல்லில் ஆர்டர் தேங்கினால், "பத்து நிமிஷம் ஆகும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி சண்டை வராது. எந்தச் சட்னி தட்டிலேயே மிஞ்சுகிறது என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது, சப்ளையருக்குத் தெரியும்.

ஆனால் இதெல்லாம் தெரிந்தால் மட்டும் பதவி தேடி வராது. "எனக்கும் ஸ்டாக் எடுக்கக் கத்துக் கொடுங்கண்ணே" என்று வாய் திறந்து கேட்டேன். மளிகை பில், காய்கறி விலை, வீணாகும் மாவு எல்லாம் அப்படித்தான் பழகின.

கால்வலியை மட்டும் மறக்கவில்லை. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களுக்கான சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் ஓட்டலில் ஸ்டூல் போட்டிருக்கிறேன். கூட்டம் இல்லாதபோது பையன்கள் உட்காரலாம், நான் முறைக்க மாட்டேன்.

இந்த வேலையில் இருக்கும் தம்பிகளே, டிப்ஸைச் செலவழித்தாலும் பரவாயில்லை. நீங்கள் தூக்கிப் போகும் ஒவ்வொரு தட்டின் அடக்க விலையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.