மலைக்கு இருபுறமும் இரு அணிகள்

நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு இடையே அமைந்த பேரூர் பிக்கட்டி. உதகையிலிருந்தும் குன்னூரிலிருந்தும் மலைச்சாலை வழியே இப்பகுதிக்கு வரலாம். சமவெளியிலிருந்து வருவோர் காரமடை, கெத்தை வழியாக நாற்பதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மஞ்சூரை அடைவதும் உண்டு. சரிவுகளின் நடுவே வரிசை வரிசையாய் வீடுகள் அமைந்த படுகர் ஹட்டிகள் கண்ணுக்கு இனிய காட்சியாகும்.

நீலகிரி மூன்று மாநிலங்கள் கூடும் இடம். வடக்கே கர்நாடகம், மேற்கே கேரளம், கிழக்கே கோவை மாவட்டத்துச் சமவெளி. படுகர் வீட்டில் பேசும் மொழி கன்னடத்திற்கு மிக நெருங்கியது. பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்குவதோ தமிழ். அவர்களுடைய முன்னோர் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. இம்மலையின் தொல்குடியினரே தாங்கள் என்று கூறுவோரும் அவர்களுள் உளர். எவ்வாறாயினும், தமிழகத்தையும் கர்நாடகத்தையும் ஒருசேர எண்ணிப் பார்க்க இதனினும் ஏற்ற இடம் அரிது. அவ்விரு மாநிலங்களின் கிரிக்கெட் அணிகளுக்கு இடையே நிகழ்ந்துவரும் நெடும் போட்டியையும் இங்கிருந்தே நோக்குவோம்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே இவ்விருவருக்கும் இடையே நடந்ததுதான். 1934 நவம்பர் 4 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. கோபாலன் முதற்பந்தை வீசினார். ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சென்னை வென்றது. பின்னர் 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. பெயர்கள் மாறினும் போட்டி மாறவில்லை. 2015ஆம் ஆண்டு மும்பையில் நடந்த ரஞ்சி இறுதியாட்டத்தில் கருண் நாயர் 328 ஓட்டங்கள் குவிக்க, கர்நாடகம் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது.

அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில், கோப்பைக்கு முந்திய கட்டத்தில் இரு அணிகள் ஏழு ஆட்டங்கள் வரை மோதுவதுண்டு. 2004இல் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, அடுத்த நான்கையும் வென்று வியப்பூட்டியது. நம் நாட்டு இறுதியாட்டத்தில் இத்தகைய வாய்ப்பு இல்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வாய்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

தமிழகம் அவ்வாறே காத்திருந்தது. 2019 அக்டோபரில் பெங்களூரில் நடந்த விஜய் ஹசாரே இறுதியாட்டத்தில், மிதுன் தம் பிறந்த நாளன்றே தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். மழை குறுக்கிட்ட அவ்வாட்டம் கர்நாடகத்திற்கே சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் சூரத் நகரில் சையது முஷ்டாக் அலி கோப்பைக்கான இறுதியாட்டம். கடைசி ஓவரில் 13 ஓட்டங்கள் தேவை. அஸ்வின் முதல் இரு பந்துகளிலும் நான்கு நான்காக அடித்தார். ஆயினும் தமிழகம் ஒரே ஓட்டத்தில் தோற்றது! ஈராண்டு கழித்து, 2021 நவம்பர் 22 அன்று தில்லியில் அதே கோப்பைக்கு அதே இரு அணிகள். கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்டன. ஷாருக்கான் அப்பந்தை எல்லைக்கு அப்பால் ஆறாகப் பறக்கவிட்டார். கோப்பை தமிழகம் வந்தது.

இம்மூன்று ஆட்டங்களிலும் தோற்றவர் எவரும் வென்றவரின் வீட்டை எரிக்கவில்லை. ஆனால் காவிரி நீரை முன்னிட்டு 1991இலும் 2016இலும் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது, பேருந்துகள் தீக்கிரையாயின. 2018இல் காவிரிக்காகச் சென்னையில் எழுந்த போராட்டத்தால் ஐ.பி.எல். ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. ஆடுகளத்தில் அண்டை வீட்டாரிடம் தோற்று, மறு ஆண்டு மீண்டும் எதிர்நின்று ஆடக் கற்ற இரு மக்கள், களத்திற்கு வெளியே அப்பாடத்தை மறப்பது எத்துணை வருந்தத்தக்கது!

பிக்கட்டியைச் சூழ்ந்த குந்தா மலைகளில் பெய்யும் மழை குந்தா ஆற்றில் சேர்ந்து பவானியில் கலக்கிறது. பவானியோ குடகிலிருந்து வரும் காவிரியோடு கூடுகிறது. கூடிய பின் எத்துளி எம்மலையினது என்று யார் பிரித்துக் கூற இயலும்? அடுத்த முறை இவ்விரு அணிகளும் மோதும்போது, நம் பிள்ளைகள் தம் அணிக்காக ஆரவாரம் செய்யட்டும். எதிரணியார் அடிக்கும் நல்ல அடிக்கும் கைதட்டுமாறு, உடன் அமர்ந்திருக்கும் பெற்றோர் அவர்களைப் பழக்குவாராக.