குறை தீரும் நாள்

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த எம். புதுப்பட்டியில் வளர்ந்த நமக்குப் பிழை என்றாலே அச்சம். மருந்து கலக்கும் அறையில் சிறு கவனக்குறைவும் உயிரைக் கொள்ளும் என்பதை இங்கே குழந்தைகளும் அறிவர்.

அந்த அச்சத்தைக் கணினிக்கும் கொண்டு சென்றோம். வீட்டில் வெடிக்குழாய் சுருட்டும் பெண்களின் கூலியைக் கணக்கிட ஒரு மென்பொருள் எழுதி, ஈராண்டு பூட்டியே வைத்திருந்தோம். எழுத்தின் அழகு போதவில்லை. காசு பிசகுமோ என்ற ஐயம் வேறு. அதுவரை துண்டுச் சீட்டுகளில் அவர்கள் கூலி பிசகிக்கொண்டுதான் இருந்தது!

மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை 1985-இல் வெளியிட்டார் என்று அறிந்தபோது வெட்கினோம். கணினிகளுக்குப் பொதுவான ஒருங்குறி வந்ததோ 1991-இல். அதற்காக அவர் காத்திருக்கவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத், தமது 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளை வெளியிட்டபின், பிழை கண்டு சொல்வோருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். பதிப்பு எண்ணில் 'பை'யின் இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வருகிறார். 2021-இல் அது 3.141592653. 'பை' முடிவதில்லை அன்றோ!

ஆயினும் கூலி பிறர் பணம். ஆகவே, ஒரு மாதம் பழைய பேரேட்டையும் உடன் எழுதிவரும்படி சொல்லியே கொடுத்தோம். மூன்றாம் நாள் ஓர் அக்கா வந்தார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை சுருட்டியதை உன் பெட்டி விழுங்கிவிட்டதே?" என்றார். ஈராண்டில் நம் கண்ணில் படாத பிழை அது. அன்று மாலையே திருத்தினோம்.