ரிலே சொன்னதும் நடந்ததும்

ஆக்லாந்தில் மின்வெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பென்ரோஸ் என்ற பெயர் வந்துவிடும். கிடங்குகளும் பட்டறைகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்தப் பகுதியில், நியூசிலாந்தின் மின்கடத்தல் நிறுவனமான டிரான்ஸ்பவரின் 220 கேவி துணைமின் நிலையம் இருக்கிறது. 2014 அக்டோபர் 5, ஞாயிறு அதிகாலையில், அங்கே கேபிள் பள்ளத்தில் ஒரு ஜாயின்ட் பழுதாகித் தீப்பிடித்தது. 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பல கேபிள்கள் ஒரே பள்ளத்தில் கிடந்ததுதான் வினை.

நான் போனது அந்த வேலிக்குள் இல்லை. அதே பென்ரோஸில், லைனில் பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேக்களைச் சோதிக்கும் சின்னப் பட்டறை ஒன்றுக்கு. இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், இளையவர் திருச்சிப் பக்கம். மேசையில் ஒரு ரிலே, பக்கத்தில் இஞ்செக்‌ஷன் கிட். லைனில் பழுது வந்தால் எந்தக் கரண்டும் வோல்டேஜும் ரிலேக்கு வருமோ, அதைச் சிறிய அளவில் செயற்கையாக ஊட்டும் பெட்டி அது.

இளையவர் பட்டனைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் 'பிஜி டி', அதன் கீழே 'லொகேஷன் 11.8'. பி ஃபேஸிலிருந்து கிரவுண்டுக்குப் பழுது, டி என்றால் டிரிப். அவர் கை ரீசெட் பக்கம் போனது.

"பொறும் தம்பி. உந்தச் சிவப்பு லைட்டைக் கண்டால் எல்லாரும் ரீசெட்டுக்குத்தான் கை போடுவினம். முதல்ல எழுதோணும்."

"சரிண்ணே" என்று நோட்டை எடுத்தார்.

11.8 என்றால் 11.8 கிலோமீட்டர்தானே என்று கேட்டேன். மூத்தவர் சிரித்தார். லைனின் நீளத்தை செட்டிங்கில் எந்த அலகில் எழுதினார்களோ, அந்த அலகில்தான் ரிலே விடை சொல்லும். கிலோமீட்டரா, மைலா, சதவீதமா என்று அதற்குத் தெரியாது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்துக் கிடைக்கும் இம்பிடன்ஸிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். மரக்கிளை உரசிய பழுதென்றால் கிளையின் தடையும் கணக்கில் கலந்து, லைன்மேனை வேறு டவருக்கு அனுப்பிவிடும்.

தூரம் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நிலையத்தின் வாசலிலேயே பழுது இருக்கலாம். அல்லது ரிலேக்கு வோல்டேஜ் கொடுக்கும் வி.டி.யின், அதாவது வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரின், ஃபியூஸ் போயிருக்கலாம். வோல்டேஜ் காணாமல் போனால் ரிலேக்கு அது பக்கத்துப் பழுதாகவே தெரியும். புதிய ரிலேக்கள் இதை உணர்ந்து தனி அலாரம் தரும். பராமரிப்பு முடிந்து லைனை ஏற்றிய நொடியே 'எஸ்ஓடிஎஃப்' (பழுதின் மீதே லைனை ஏற்றியது) என்று வந்து விழுந்தால், முதல் கேள்வி ஒன்றுதான்: எர்த் ராடை எடுத்தார்களா?

பழைய ரிலேக்களில் இத்தனை பேச்சு கிடையாது. உள்ளே வட்டு சுழலும், கொடி விழும். சென்னைப் பல்லாவரத்தில் இங்கிலிஷ் எலக்ட்ரிக் ஆலை செய்த அந்த வகைப் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர் இளையவரின் தந்தை. அமெரிக்காவில் ஷ்வைட்சர் நிறுவனத்தின் முதல் டிஜிட்டல் ரிலே 1984இல் வந்தது. அதன்பிறகுதான் தூரம், ஃபேஸ், நேரம் எல்லாம் எழுத்தில் வரத் தொடங்கின. தகவல் கூடியதே தவிர, படிக்கும் வேலை குறையவில்லை. என்னைக் கேட்டால் கூடிவிட்டது.

ஏனென்றால் பெரிய பழுதில் ஒரு ரிலே பேசாது, பத்து பேசும். எது முதலில் விழுந்தது என்பதே முழு விசாரணை. 50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட். பழுது தோன்றி பிரேக்கர் திறந்து முடிய நாலைந்து சைக்கிள் போதும். ஆகவே ஜிபிஎஸ் கடிகாரம் கட்டாயம். நியூசிலாந்தில் செப்டம்பர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். ஒரு ரிலே தள்ளாமல் நின்றால், அதன் பதிவு பக்கத்து ரிலேயோடு ஒட்டாது. மூத்தவர் இதைச் சொல்லும்போது குரலில் பழைய எரிச்சல் இருந்தது.

ரிலே பொய் சொல்வதில்லை, ஆனால் பார்த்ததை மட்டும்தான் சொல்லும். 2012 ஜூலை 30 அதிகாலை இந்தியாவில் பீனா–குவாலியர் 400 கேவி லைன் மூன்றாம் ஸோனில், அதாவது ரிலே தொலைவில் கண்காணிக்கும் எல்லையில், டிரிப் ஆனது. லைனில் பழுதே இல்லை. சுமை ஏறி, வோல்டேஜ் தாழ்ந்து, இம்பிடன்ஸ் பழுதுபோலச் சுருங்கியிருந்தது. வட இந்தியா இருண்டது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொண்டன. தெற்குக் கிரிட் அப்போது மற்றவற்றோடு நேரடி ஏசி இணைப்பில் இல்லாததால் தமிழ்நாடு தப்பியது. அந்த இணைப்பு வந்தது 2013 டிசம்பர் 31இல். ஸோன் மூன்று என்ற வார்த்தையைப் பார்த்து லைன் முழுக்க நடந்து தேடியிருந்தாலும் அன்று ஒன்றும் கிடைத்திருக்காது.

மாலையில் மூத்தவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி: விளக்கு, எழுத்து, தூரம், நேரம், பிரேக்கர் திறந்ததா. கடைசிக் கட்டத்தில், பக்கத்து ரிலே என்ன சொன்னது.

தமிழ்நாட்டுத் துணைமின் நிலையங்களில் இரவு ஷிப்ட் பார்க்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். டிரிப் ஆனதும் மேலிருந்து போன் வரும், லைனை ஏற்று என்பார்கள். ரீசெட்டை அழுத்துமுன் எரிகிற விளக்குகளையும் திரையையும் நேரத்தோடு குறித்துவிடுங்கள். பக்கத்து பேனலையும் சேர்த்து.