பேசினது யார்?

'ஆண்டவர் என்கிட்ட பேசினார்' என்று ஒரு கிறிஸ்தவ நண்பர் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? சிலருக்குச் சிலிர்க்கும். சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு ஒரு கேள்விதான் வரும். பேசினது ஆண்டவர்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

கிண்டல் இல்லை. வேலையை விடுவது, நிலத்தை விற்பது, ஏன், மாத்திரையை நிறுத்துவது வரைக்கும் இந்த ஒரு பேச்சை நம்பி நடக்கிறது. குரல் மாறிப்போனால் கஷ்டம் குடும்பத்துக்குத்தான்.

பதில் தேடி அரியலூர் பக்கம் போகலாம், வாங்க. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் இருக்கிற ஊர். 1680-ல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், இந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்து, இங்குள்ள மாதா மீது கலம்பகமே பாடினார். அவருடைய பெரிய காவியம் தேம்பாவணி. 3,615 பாடல்கள். கதாநாயகன் யார் தெரியுமா? இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்.

வேடிக்கை என்னவென்றால், நாலு சுவிசேஷத்திலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக இல்லை. மத்தேயுவில் நாலு தடவை கனவில் சேதி வருகிறது. கேட்கிறார். எழுந்து போய்ச் செய்கிறார். அந்தச் சேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மரியாளைக் கைவிடாதே. குழந்தையைக் கொல்லப் பார்க்கிறார்கள், எகிப்துக்கு ஓடு. ஆபத்து நீங்கிவிட்டது, திரும்பி வா. யூதேயா வேண்டாம், கலிலேயாவுக்குப் போ. ஒன்றிலாவது சூசையப்பருக்கு லாபம் உண்டா? அலைச்சல் அவருக்கு, பாதுகாப்பு தாய்க்கும் பிள்ளைக்கும்.

வீரமாமுனிவர் சேசு சபைக்காரர். அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் போர்க்களம் கண்டவர். 1521-ல் பீரங்கிக் குண்டில் கால் உடைந்து படுத்துக் கிடந்தார். வீரதீரக் கனவுகள் வந்தன. புனிதர்களைப் போல வாழும் ஆசையும் வந்தது. அந்த நேரத்துக்கு இரண்டுமே இனித்தன. ஆனால் முதலாவது கலைந்ததும் மனசு வறண்டது. இரண்டாவது போன பிறகும் நிம்மதி தங்கியது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். மனசு சோர்ந்திருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்றும் எழுதிவைத்தார்.

பி.காம். படித்தவனுக்கு இது புரிகிற கணக்கு. நம்ம கேஷ் புக்கை மட்டும் நம்பி உட்கார மாட்டோம். பேங்க் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்ப்போம். மனசுக்குள் கேட்ட குரல் நம்ம கேஷ் புக். வேதம், விவரம் தெரிந்த ஒரு பெரியவர், கொஞ்சம் அவகாசம்... இவை பாஸ்புக். பைபிளில் சிறுவன் சாமுவேலை ஆண்டவரே கூப்பிட்டார். அவனோ மூணு தடவையும் கிழவர் ஏலியிடம்தான் ஓடினான். கூப்பிடுவது யார் என்று ஏலிதான் கண்டுகொண்டார்.

அதனால், யாராவது 'ஆண்டவர் பேசினார்' என்றால் சிரிக்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தால் யாருக்கு நல்லது? பத்து நாள் கழித்தும் அந்த நிம்மதி இருக்கிறதா? உயிருக்கு ஆபத்து என்றால் சூசையப்பரைப் போல ராத்திரியோடு கிளம்ப வேண்டியதுதான். மற்றதற்குப் பத்து நாள் பொறுத்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதுவரை மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.