உமி மேல் போட்ட பழி

நண்பரிடம் நான் சொன்னது பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

லண்டனில் நான் வீட்டிலேயே பியர் காய்ச்சுவதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது. சட்டப்படி குற்றமில்லையா என்று கேட்டார். விற்காதவரை பயமில்லை, 1963-லேயே இங்கே உரிமம் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள் என்றேன். அது சரியான பதில். அடுத்து மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய பார்லிக்கு, தண்ணீர்க் கணக்கைக் கேட்டார். "கிலோ மால்ட்டுக்கு இரண்டரை லிட்டரில் ஊறப்போடுங்கள். வடித்ததும், பாத்திரத்தில் 27 லிட்டர் சேரும்வரை மேலே வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்" என்றேன்.

நான் காய்ச்சுவது 5 கிலோ மால்ட் போடும் பேல் ஏல் வகை பியர். 12.5 லிட்டரில் ஊறும். கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டரை மால்ட் குடித்துவிடும். 7.5 லிட்டர் இறங்கும். சக்கையை அலசும் ஸ்பார்ஜ் தண்ணீர் 19.5 லிட்டர். அவர் காய்ச்ச நினைத்ததோ மைல்ட் என்ற இலேசான வகை, மால்ட் 3.5 கிலோதான். என் விதிப்படி இறங்குவது ஐந்தேகால் லிட்டர், அலச ஊற்றுவது கிட்டத்தட்ட 22 லிட்டர். மால்ட் குறையக் குறைய அலசும் தண்ணீர் கூடுகிற விதி அது.

காபி ஃபில்டரில் மூன்றாம் டிகாக்‌ஷன் இறக்குவது போலத்தான். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. மால்ட்டின் சாரம் இருக்கும்வரை அதன் காரத்தன்மையை அடக்கிவைக்கும். சாரம் நீர்த்தால் பிஎச் 6-ஐத் தாண்டும். சூடும் சேர்ந்தால் உமியிலிருந்து துவர்ப்பைத் தரும் டானின் இறங்கும். அதனால்தான் வடியும் சாற்றின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்த்து, 1.010-க்கு வந்ததும் நிறுத்தச் சொல்வார்கள். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை, நானும் அளந்ததில்லை.

அவர் கொண்டுவந்த பாட்டிலில் ஒரு வாய் குடித்ததுமே புரிந்துவிட்டது. அப்படி ஒரு துவர்ப்பு. "மால்ட்டை ரொம்பப் பொடியாக அரைத்திருக்கிறீர்கள், உமி கிழிந்துவிட்டது" என்றேன். உமி கிழிந்தாலும் துவர்க்கும் என்பதால் நம்பினார். அரைவையைத் திருத்தி மறுபடி காய்ச்சினார். அதே துவர்ப்பு. தனக்கு இது கைவராது என்று பாத்திரங்களை யாருக்கோ கொடுத்துவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்தவன் என்று அவர் வீட்டில் எனக்கிருந்த மதிப்பை இழக்க மனம் வரவில்லை.

அவருக்கு நான் தந்திருக்கவேண்டிய கணக்கு இது: கிலோவுக்கு 4 லிட்டர் வீதம் 14 லிட்டரில் ஊறல், 10.5 இறங்கும். லாக்டிக் அமிலம் சிறிது சேர்த்த 12 லிட்டரில் அலசல். மீதி நாலரை லிட்டரைச் சக்கையில் ஊற்றாமல் நேரே கொதிக்கும் பாத்திரத்தில் சேர்க்கவேண்டும்.

இதை எழுதி அவருக்கு அனுப்பப் போகிறேன். அரைவையில் குறையில்லை, அது எனக்கு அன்றே தெரியும் என்ற வரியும் அதில் இருக்கும்.